காளான் வழிச் சொந்தம்

– காளான் குழு இந்தக் கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கணும், மேடம்.

– மேடமா? இத்தனை வருஷம் கழிச்சு வாயைத் தொறக்கிற, அதுவும் மேடமா? கூடப் பொறந்தவளை அக்கான்னு கூப்பிட்டா நாக்கு வெந்துடுமாடா?

– மெதுவாப் பேசுங்க. எல்லாக் குழுவும் இங்கதான் வந்து சேரும்.

– ஒரு ஈ காக்காயைக் காணோமே. எங்க உன் மனுஷக் கூட்டம்?

– வராங்க. புழுங்க சேர்ற இடத்துல டீயும் பிஸ்கட்டும் குடுத்தோம். உட்கார்ந்துட்டாங்க. நான் பேனர் கட்டணும்னு முன்னாடியே வந்துட்டேன்.

– 'உயிர்கள் அனைத்தும் ஒரே குடும்பம்.' அடேங்கப்பா, கொட்டை எழுத்துல! யாரு எழுதினது?

– நான்தான். இந்த நடையை ஏற்பாடு பண்ணதே நான்தான். பள்ளிக்கூடத்துல பயாலஜிக்கு வேற யாரு இருக்கா?

– அப்ப சரி. எனக்கு இன்னும் புரியலைங்க வாத்தியாரே, கொஞ்சம் விளக்குங்க.

– விஞ்ஞானப்படி, முன்னோக்கி நடக்க நடக்கக் காலம் பின்னோக்கிப் போகுது. ஒவ்வொரு உயிருக்கும் ஒரு பாதை. ரெண்டு உயிருக்கும் ஒரே மூதாதை இருந்த இடத்துல பாதையும் ஒண்ணாச் சேரும். மனுஷனோட முதல்ல குரங்கு சேரும். அப்புறம் எலி, பல்லி, தவளை, மீன், புழு...

– குரங்கு வந்து சேர்ந்ததும் என்ன பண்ணீங்க?

– கட்டிப் பிடிச்சு 'வாங்க சொந்தமே'ன்னு சொன்னோம். ஒவ்வொரு இடத்துலயும் அப்படித்தான்.

– எலியை?

– எலியையும்தான்.

– புழுவை?

– புழுவா வந்தவரு எங்க ஹெட்மாஸ்டர். அவரை ரெண்டு தடவை கட்டிப் பிடிச்சாச்சு.

– பாசம்னா இப்படில்ல இருக்கணும்! புழு சொந்தம், பல்லி சொந்தம். லிப்டு ரிப்பேர் பண்ற மனுஷன் மட்டும் என்னடா பாவம் பண்ணாரு? அவரைக் கட்டிக்கிட்டேன்னு தானே என்னை வாசப்படி மிதிக்காதேன்ன?

– அது வேற, இது வேற.

– அதானே! கோடி கோடி வருஷத்துக்கு முன்னாடி பிரிஞ்சு போனவங்களை வாரி அணைச்சுக்கலாம். நேத்துப் போனவளைத்தான் சேர்த்துக்கக் கூடாது. ஊருக்கு உபதேசம்.

– குத்திக் காட்டத்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்களா?

– நான் கேட்டது குரங்குப் பாதைடா. சீக்கிரம் உன்னைப் பிடிச்சுடலாம்னு பார்த்தேன். பேர் பதியுற மேஜையில உன் பொண்டாட்டி உட்கார்ந்திருந்தா. 'காளான்ல போங்க அண்ணி, அதுதான் உங்களுக்கு நல்லது'ன்னு அனுப்பிட்டா.

– அவளா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!

– நீ மைக்கைக் கீழ வச்சாத்தானே அவ வாயைத் தொறக்க? ஆமா, காளான்னா செடி வகைதானே? நான் ஏன் மிருகங்களோட வந்து சேர்றேன்?

– இல்ல, விஞ்ஞானப்படி காளான் செடியை விட நமக்குத்தான் நெருங்கின சொந்தம்.

– கேட்டுக்கோ. காளானுக்குக் கூட உன் குடும்பத்துல இடம் இருக்கு.

– அந்தக் கரை மேல யாரு, குடையைத் தலையோட கவுத்துக்கிட்டு வர்றது?

– எனக்குப் பின்னால இன்னொரு காளான் மெதுவா வரும்னு சொன்னா உன் பொண்டாட்டி. யாரா இருந்தா என்ன, பேச்சை மாத்தாத. நான் அம்மாவைப் பார்க்கணும்.

– அம்மாவுக்கு முடியல. வீட்டை விட்டு வெளிய வர்றதே இல்ல.

– அதனாலதான்டா கேக்குறேன். ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப நாள் பூரா வாசல்லயே நின்னேன். யாரையும் உள்ள விடலைன்னு ஆள் விட்டுச் சொன்ன. உன் மாமியார் போனாங்க. எதுத்த வீட்டுக்காரரு போனாரு. அவரு எனக்கு ஆறுதல் வேற சொல்லிட்டுப் போனாரு!

– பழசைக் கிளறாதீங்க.

– கிளறல. கெஞ்சுறேன், போதுமா? அரை மணி நேரம் பார்த்துட்டுப் போயிடறேன். உன் வீட்டு நாற்காலியில கூட உட்கார மாட்டேன். அவங்க கையை ஒரு தடவை பிடிச்சுக்கணும்டா, அவ்வளவுதான்.

– அழாத... அக்கா, அழாத. இப்படி உட்காரு.

– அக்காவா? பரவாயில்ல, நாக்கு வேகல.

– கேளு. என் மனசுல ஒண்ணும் இல்ல. நான் எப்பவோ மறந்துட்டேன். அம்மாதான் இறங்கி வர மாட்டேங்கிறாங்க. நானும் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துட்டேன். 'அவ எனக்குப் பொண்ணே இல்ல, செத்தாலும் அவ முகத்துல முழிக்க மாட்டேன்'னு தலையில அடிச்சுக்கிறாங்க. பெத்த மனசு கல்லாப் போச்சு. நான் என்ன பண்ணட்டும்?

– அம்மாவா? அப்படியா சொன்னாங்க?

– சத்தியமா. அவங்க வாயாலயே சொன்னாங்க.

– என் வாயாலயா? அவதான் வர மாட்டேன்னுட்டான்னு என்கிட்ட அழுதியேடா, பாவி!