இருபத்தஞ்சு கிலோ வரைக்கும் கத்தாது

இல்ல தம்பி, கேமரா வேணாம்னுதான் சொல்றேன். முதல்ல ஏணியை விட்டு இறங்குங்க, அண்ணாந்து பேசினா எனக்குக் கழுத்து வலிக்குது. எங்க மூஞ்சியைக் கண்ணாடியில பாக்கவே சகிக்கல, அதைப் போன்ல வேற எதுக்கு? ஒயர் இல்லாத அலாரம் போதும். கதவு திறந்தா கத்தணும். வீட்டுக்குள்ள ஆள் நடந்தா கத்தணும். எங்க நாய் நடந்தா மட்டும் கத்தக் கூடாது. அதுக்கு எது சரிப்படும், அதை எடுங்க.

திருட்டு பயமா? எனக்கா? என் கொறட்டை இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுக்கு அலாரமே தேவையில்ல. ஒரு தடவை ஒருத்தன் வந்தான். ஹால்ல கால் வச்சவன், என் கொறட்டையைக் கேட்டுட்டு உள்ள ஏதோ லாரி நிக்குது, இப்ப ரிவர்ஸ்ல வரும்னு சுவரோரமா ஒதுங்கி நின்னிருக்கான். நின்னுக்கிட்டே இருந்திருக்கான். லாரி வந்தாத்தானே? அலுத்துப்போய், கொண்டு வந்த சாக்கைப் போட்டுட்டுப் போயிட்டான். அந்தச் சாக்குலதான் எங்க வீட்டம்மா வெங்காயம் போட்டு வச்சிருக்கா. நம்பலையா? போய் வெங்காயத்தைக் கேளுங்க.

அலாரம் என் பையன் ஏற்பாடு. இந்தப் பின்பக்கம் தெரியுது பாருங்க, அதான் அவன் வீடு. தெருக்கோடியில ஒரு வீட்டைத் திறந்து அள்ளிட்டுப் போனாங்கல்ல, அன்னைக்கே உங்க கடைக்குப் போன் போட்டுட்டான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எப்படிச் சொல்லுவான், பேசினாத்தானே. மொட்டைமாடித் தண்ணி இறங்குற குழாய் யார் பக்கம் விழணும்னு ரெண்டு பேரும் முட்டிக்கிட்டோம். குழாயை எப்பவோ மாத்தியாச்சு. அவன் முறுக்கு மட்டும் அப்படியே இருக்கு. அவன் வீட்டு ஆளுங்க யாரும் எங்க வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் வேற. அம்மாகிட்ட மட்டும் போன்ல பேசுவான். எது மாட்டணும்ங்கிறதை அம்மா இஷ்டத்துக்கு விட்டான், அவ என் இஷ்டத்துக்கு விட்டுட்டா.

இப்ப சிக்கல் என்னன்னா, இங்க கத்தினா அவன் போன்லயும் கத்துமாமே. சாயங்காலம் கொஞ்ச நேரம் அணைச்சு வச்சுக்கலாமா? அணைச்சாலும் அவனுக்குத் தெரியுமா? அப்ப அது ஆகாது. ஏம்மா அணைச்சீங்கன்னு உடனே கேப்பான். அவனுக்கு இந்த நாய் சமாச்சாரமே தெரியாது தம்பி. தெரிஞ்சா அத்தோட சரி, நாய் இந்தப் பக்கம் தலை வைக்காது.

சரி, இந்த ரெண்டுல எது? சின்னது பூனை போனாக்கூடக் கத்தும். பெருசு, இருபத்தஞ்சு கிலோ வரைக்கும் வளர்ப்புப் பிராணின்னு விட்டுடும். அப்ப பெருசே மாட்டுங்க. எங்களது பத்தொம்போதுதான். எடை மெஷின்ல நிக்க வச்சுப் பாத்தோம். ஆமா, நேரா நின்னுச்சு. நல்ல பழக்கமான நாய்.

பின் ஜன்னலுக்கு எதுவும் மாட்டாதீங்க. அதுல ஒரு கம்பி கழண்டிருக்கு பாருங்க, அதுதான் அது வர்ற வழி. திருடன் வந்தா தலை நுழையும், தொப்பை நுழையாது.

சோபா மேல ஏறுமாவா? ஏறும், அங்கேருந்து குதிக்கவும் செய்யும். உயரத்துல ஏறினா கத்திடுமா? அப்ப சோபாவை இந்த மூலைக்குத் தள்ளிடுவோம், ஒரு கை புடிங்க. ஆனா டிவி தெரியணும், இல்லன்னா ரகளை பண்ணும். ரிமோட்டும் அதுகிட்டதான் இருக்கும், எனக்குத் தராது. ரொட்டியில ஜாம் தடவிக் குடுத்தா நடுவுல இருக்கிறதைத் தின்னுட்டு ஓரத்தை என் தட்டுல வச்சிரும்.

சங்கிலியா? அதைக் கட்டிப்போட யாரால முடியும். குலைக்காது, பாடும். என்ன வகையா? எங்க வகையறாதான். மூக்கு அப்படியே எங்க வீட்டம்மா மூக்கு.

சுவத்துல என்னத்தைப் பாக்குறீங்க? கலர் பென்சில்தான். நாய்தான் வரைஞ்சுது. அந்த மொட்டைத்தலை நான். காது அவ்வளவு பெருசு இல்ல, அதுக்கு என் மேல கோவம் வந்தா அப்படிப் போட்டுரும். போன வாரம் முன்பல்லு ரெண்டும் விழுந்துருச்சு. ஸ்கூல் விட்டதும் நேரா ஜன்னல்ல ஏறி வந்து வாயைத் திறந்து காட்டினா. அவ அப்பனுக்கே அப்புறந்தான்.

ம், புரிஞ்சிருச்சா. புரிஞ்சது உங்க வயித்தோட இருக்கட்டும் தம்பி.

வளர்ற பிள்ளை, எத்தனை நாளைக்கு இந்தக் கணக்கு ஓடும்னு கேக்குறீங்க, நியாயந்தான். இருபத்தஞ்சைத் தொட இன்னும் ஒரு வருஷமாவது ஆகாதா? ரொட்டி ஓரம் பூராவும் நான்தானே திங்குறேன், அவளுக்கு அவ்வளவு சீக்கிரம் ஏறாது.

நில்லுங்க, நில்லுங்க. வாசக்கதவுக்கு மாட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். எழுபத்தெட்டு கிலோவுல ஒருத்தன், சொல்லாம கொள்ளாம ஒருநாள் முன்வாசல் வழியா வந்து நின்னா, கத்தாம உள்ள விடுற மாதிரி எதாவது உங்க கடையில இருக்கா?