இரண்டு விரல் உயரம்

நல்ல செருப்பு என்றால் காலில் போட்டிருப்பதே தெரியக்கூடாது. கடிக்கிற செருப்பைத்தான் மனுஷன் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பான். நான் தைத்த செருப்பு இதுவரை யாரையும் கடித்ததில்லை, சார். கடைத்தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் தம்பிக்குச் செய்ததும் கடிக்கவில்லை. உள்ளே மெத்தென்றுதான் இருந்தது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் சபை ஒரு இரும்புக்கடைக்கு மேல் மாடியில் கூடுகிறது. செங்குத்தான படி. கைப்பிடிக் கம்பி எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. போடுகிறோம் போடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். விவரம் தெரிந்த நாள் முதல் நான் அங்கேதான் போகிறேன். கடைசி பெஞ்சு. பாடுவேன், உபவாசம் இருப்பேன், முழங்கால் காய்த்துப்போகிற அளவுக்கு ஜெபிப்பேன். மற்றவர்கள் கண்ணீர் விடும்போது எனக்கு ஒரு சொட்டு வராது. பக்கத்திலிருப்பவரைப் பார்த்து நானும் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். எனக்குள் விசுவாசம் என்று ஒன்று இல்லவே இல்லையோ என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடு தினமும் படுத்து எழுந்திருப்பது லேசில்லை.

ஒருநாள் போதகரிடம் சொன்னேன். "அது நெஞ்சுக்குள்ள கையவிட்டுத் தேடுற சாமான் இல்லப்பா. உன் கை என்ன செய்யுதுன்னு பாரு. அதுல தெரிஞ்சுரும்" என்றார். நல்ல மனுஷர். அவர் மேல் ஒரு குற்றமும் கிடையாது.

என் கை என்ன செய்தது? தோலை வெட்டியது, ஒட்டுவதற்குச் சொல்யூஷன் தடவியது. அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம்தான் தம்பிக்கு அடிபட்டது. அவன் தபால்காரன். சைக்கிளை லாரி தட்டிவிட்டது, இடது கால் நொறுங்கிவிட்டது. அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். குளிப்பாட்டினேன், மலம் எடுத்தேன், ஊட்டிவிட்டேன். முகம் சுளித்ததில்லை. அவனுக்குச் சாமி பூதம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மோட்டுவளையப் பாத்துக்கிட்டே கெடக்குறதுக்கு உங்க சபைக்காவது வந்து நாலு பாட்டு கேக்குறேண்ணே" என்றான். முதுகில் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

பாதிப் படியிலேயே மேலே பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள். போதகர் கையிலிருந்த புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "விசுவாசம் எப்படி இருக்கும்னு கேக்குறீங்களே, இதோ படியேறி வருது பாருங்க" என்றார். எனக்குக் கண்ணீர் வந்தது. நிஜக் கண்ணீர். வாய்க்குள் உப்புக் கரித்தது. அன்றைக்கு நான் கடவுளை நம்பினேன். மறுநாள் கடையில் உட்கார்ந்தபோது மறுபடி ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு படியில் கால் வைத்ததும் வந்தது.

சபையில் எனக்குச் சுமைதாங்கி என்று பெயர் வைத்தார்கள். முதல் பெஞ்சில் இடம் கிடைத்தது. பெற்றவர்கள் பிள்ளைகளிடம் என்னைக் காட்டினார்கள். தம்பிக்கு வாய் கொஞ்சம் நீளம். முதுகில் இருந்தபடியே காதுக்குள், "ஏண்ணே, நீ என்னத் தூக்குறியா, இல்ல நான் உன்னத் தூக்கி வச்சிருக்கேனா?" என்பான். நானும் சிரிப்பேன். அதில் கோபப்பட என்ன இருக்கிறது.

எலும்பு கூடியது. இடது கால் மட்டும் இரண்டு விரல் அளவு கட்டையாகிவிட்டது. பயிற்சி கொடுக்க வருகிற பிசியோ மேடம், "இடது செருப்ப ரெண்டு விரல் ஒசத்தித் தைக்கணும், அவ்வளவுதான். அண்ணனே செருப்புக்காரரு, ஒனக்கென்ன ராஜா" என்றார். அட்டை மேல் அட்டை ஒட்டி அளவு பிசகாமல் செய்தேன். தம்பி அதை மாட்டிக்கொண்டு கடை வாசலிலிருந்து தையல் மிஷின் வரைக்கும் எதையும் பிடிக்காமல் நடந்தான். மிஷினைக் கட்டிக்கொண்டு அழுதான். அடுத்த மாசத்துக்குள் நடந்து வந்து காட்டினால் தபாலாபீசில் வேலை அப்படியே இருக்கிறதாம். "இனிமே ஒனக்கு விடுதலைண்ணே" என்றான்.

எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை, தையல் விட்டிருக்கிறது கொடு என்று வாங்கி, அடியிலிருந்து ஒரு அட்டையை உரித்தேன். குதிகாலை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சீவிவிட்டேன். பார்வைக்குத் தெரியாது. போட்டுக்கொண்டு நடந்தால் கணுக்கால் தானாக வெளியே மடங்கும். தம்பி விழுந்தான். தன் காலைத்தான் திட்டினான். செருப்பை அவன் சந்தேகப்படவில்லை. அண்ணன் தைத்ததாயிற்றே. மேடமும் பயிற்சியை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் முதுகில்தான் வந்தான். தபாலாபீஸ் போய்க் காட்டுகிற நாளைத் தள்ளிக்கொண்டே போனான். ராத்திரி அவன் அழுதால் முதுகைத் தடவிக்கொடுப்பேன். நடிப்பில்லை, சார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் அவன் விடாக்கண்டன். மடங்குகிற காலை வைத்துக்கொண்டே பழகினான். போன ஞாயிறு படிக்குக் கீழே நான் குனிந்தபோது, "இன்னிக்கு முதுகு வேணாம். நானே ஏறுறேன். நாளைக்கு ஆபீசு" என்றான்.

ஏறிவிட்டான். சுவரைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து ஊற்றி, ஒவ்வொரு படியாக. மேலே கைதட்டினார்கள். நான் பின்னாலேயே போனேன். என்னை யாரும் பார்க்கவில்லை. போதகர் அவனைக் கட்டிக்கொண்டார். அவனைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். "எனக்கு உங்க ஆண்டவரத் தெரியாது. எங்க அண்ணனத் தெரியும். அவரு கும்புடுற சாமி நல்ல சாமியாத்தான் இருக்கணும்" என்றான். எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை.

இறங்கும்போது அவனுக்கு முன்னால் ஒரு படி கீழே நான் போனேன். போதகர்தான் போகச் சொன்னார். பாதியில் கணுக்கால் மடங்கியது. "அண்ணே" என்று கையை நீட்டினான். நானும் கையை நீட்டியிருந்தால் பிடித்திருக்கலாம். நான் அவனைப் பார்த்துவிட்டு, முன்பக்கம் திரும்பிக் குனிந்து முதுகைக் கொடுத்தேன். வழக்கமாக அப்படித்தானே கொடுப்பேன். அவன் என் தலைக்கு மேலே போய்க் கீழே விழுந்தான்.

மூச்சு இருந்தது. இரும்புக்கடைக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வேண்டாம் என்றேன். முதுகில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஆஸ்பத்திரி கடைத்தெருவுக்கு அந்தக் கோடியில் இருக்கிறது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். வழிவிட்டார்கள். ஒரு அம்மா, "அண்ணன்னா இப்படியில்ல இருக்கணும்" என்றார். அப்போது எனக்குக் கண்ணீர் வந்தது. தாரை தாரையாக வந்தது. வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டே போனேன். அவ்வளவு சுத்தமாக நான் என்றைக்கும் ஜெபித்ததில்லை. வண்டியில் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். சொல்லியிருக்கலாம். என் காதில் சரியாக விழவில்லை.

செருப்பை அளந்து பார்த்தது பிசியோ மேடம். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் மறுக்கவில்லை. பொய் சொல்வது பாவம்.

அவன் சாகவேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை, சார். செத்தவனை எத்தனை தடவை தூக்க முடியும், ஒரு தடவைதானே. நடக்காமல் இருந்தால் போதும் என்றுதான் செய்தேன். செய்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள்.

இன்னொன்று. எனக்குப் பக்கத்து அறையில் அடைத்திருக்கிறீர்களே ஒரு பெரியவர், அவர் லேசாகச் சாய்ந்து நடக்கிறார். பார்க்க மனசு கேட்கவில்லை. அவர் செருப்பை ஒரு நாள் என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.