மங்களேஸ்வரியின் இரண்டாவது காப்பி

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் தென்காசியில் தாள் நமத்துப்போகும், சார். கட்டைப் பிரித்து அரை மணி நேரம் வைத்தாலே ஓரம் சுருண்டுவிடும். மெஷின் இரண்டு தாளைச் சேர்த்து இழுக்கும். அதனால் ஆனி, ஆடி மாதங்களில் தாள்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிடுவேன்.

என் பெயர் வல்லிநாயகம். கோர்ட்டுக்குப் போகிற சாலையில் பதினெட்டு வருடமாகப் பிரிண்ட் கடை வைத்திருக்கிறேன். பிரிண்டர் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்; செட்டிங்கைச் சரியாக வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாண்டு தாளை வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் சாதாத் தாள் என்று விட்டுவிட்டால் மை சரியாகப் பிடிக்காது. விரலால் தேய்த்தால் எழுத்து உதிரும். என் கடையில் அடித்த மனுவில் இதுவரை ஒரு எழுத்து உதிர்ந்ததில்லை. வக்கீல்களைக் கேட்டுப் பாருங்கள்.

அதே இடத்தில் இன்னொரு செட்டிங்கும் உண்டு. அடித்து முடித்த பிறகும் அந்த வேலையை மெஷினின் மெமரியில் நிறுத்திவைக்கலாம். வந்தவர் போன பிறகு பொத்தானை அமுக்கினால் இன்னொரு காப்பி வரும். ஆறு வருடமாக அப்படித்தான் வைத்திருந்தேன். கரண்ட் போனால் மெமரி அழிந்துவிடும் என்பதால், ஆள் படி இறங்கியதும் எடுத்துவிடுவேன். பாகப்பிரிவினை, விவாகரத்து, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் வருடவாரியாக பீரோவில் இருந்தன. யாராவது தொலைத்துவிட்டு வந்தால் உதவுமே என்றுதான். யாரும் வந்து கேட்டதில்லை. நான் படித்தேன், அவ்வளவுதான்.

மங்களேஸ்வரி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தாள். முப்பது வயதிருக்கும். ஸ்டூலைக் காட்டினேன், உட்காரவில்லை. வாசலைப் பார்த்தபடியே நின்றாள். தெருவில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஒரே ஒரு காப்பி போதும், அண்ணாச்சி. அடிச்சு முடிச்சதும் உங்க கம்ப்யூட்டர்ல இருந்து அழிச்சிருங்க."

கம்ப்யூட்டரில் இருந்து அழித்தேன். அவள் பார்க்கத்தான் அழித்தேன்.

கணவன் மணிமுத்துவிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு எழுதிய மனு அது. அவன் புளியங்குடியில் எலுமிச்சை லாரி ஓட்டுகிறவன். குற்றாலத்தில் அவள் ஒளிந்திருந்த அறையின் விலாசமும் அவனுடைய செல் நம்பரும் முதல் பக்கத்தில் இருந்தன. மூன்றாம் பக்கத்தில் அவன் அரிவாளைத் தூக்கியதைப் பற்றி இருந்தது.

அவள் போனதும் பொத்தானை அமுக்கினேன். மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க அவள் திரும்பி வந்தபோது, நான்காம் பக்கம் வெளியே வந்துகொண்டிருந்தது.

"இது எதுக்கு, அண்ணாச்சி?"

மெஷின் தானாக அடித்துவிட்டது என்றேன். அவள் நான்கு பக்கங்களையும் அள்ளிக் கிழித்துப் பைக்குள் திணித்தாள். பாதி கீழே விழுந்தது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நிமிர்ந்தபோது திறந்திருந்த பீரோவைப் பார்த்தாள்.

"அதுல இருக்கதெல்லாம் யாரோடது?"

"வேஸ்ட் பேப்பர், தாயி."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என் விலாசம் மட்டும் வெளிய போயிரக் கூடாது. உங்களக் கும்பிட்டுக் கேக்கேன்."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் ஏன் சொல்ல வேண்டும்? சொல்லலாம் என்று தோன்றியதால்தானே. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கடை முன்னால் போலீஸ் ஜீப் மெதுவாகப் போனால் பீரோவைப் பூட்டினேன். ஒரு வக்கீல் சும்மா இருமினார். பேப்பரைக் கீழே போட்டுவிட்டேன். நாளைக்கு அவள் கோர்ட்டில் நின்று ஒரு வார்த்தை சொன்னால், பீரோவில் இருக்கிற அத்தனை பேரும் என் வாசலில் வந்து நிற்பார்கள். பயம் என்றால் என்னவென்று அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன், சார். தாள்களை எரித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். ஆறு வருட உழைப்பு அது.

அவள் வந்த செவ்வாய்க்கிழமை கரண்ட் போயிருந்தால் மெமரி அழிந்திருக்கும். போகவில்லை. சாயங்காலம் இன்னொரு முறை பொத்தானை அமுக்கினேன்.

மணிமுத்து கடைக்கு வந்து மிரட்டி விலாசத்தை வாங்கினான் என்று நேற்று ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. அவனுக்கு என் கடை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வியாழக்கிழமை நான்தான் போன் செய்தேன்.

"நான் கூப்பிட்டா தெறக்க மாட்டா, அண்ணாச்சி. ஊரக் கூட்டிருவா," என்றான் அவன். "நீங்க கூட வாரியளா?"

கூட்டிக்கொண்டு போய்க் குடித்தனம் நடத்துவான் என்று நினைத்தேன். அப்படி நினைப்பதுதானே நியாயம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குற்றாலத்தில் நல்ல கூட்டம். அருவிச் சத்தமும் வேன் ஹார்னுமாக இருந்தது. எண்ணெய்க் கடைக்குப் பின்னால் அந்த அறை. மணிமுத்து சுவரை ஒட்டி நின்றான். கதவைத் தட்டினேன். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தது.

"தாயி, நான் பிரிண்ட் கடை வல்லிநாயகம். மெஷினுக்குள்ள இன்னொரு காப்பி இருந்துச்சு. மனசு கேக்கல. உன் கையிலயே குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கதவுக்குப் பக்கத்தில் வந்து கேட்டாள். "தனியாவா வந்திருக்கிய?"

"ஆமா."

தாழ்ப்பாளை விலக்கினாள். தாள்களை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். நான்கும் இருந்தன. அவள் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சிருங்க, அண்ணாச்சி. உங்களப் போயி சந்தேகப்பட்டுட்டேன்."

இவள் என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள் என்று அந்த நேரத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இருந்த பயமெல்லாம் விட்டுப்போனது. பரவாயில்லை தாயி என்று சொல்லிவிட்டு, மணிமுத்து உள்ளே போகட்டும் என்று ஒதுங்கி நின்றேன்.