பேட்டரி இருந்தாத்தான் முழுசு

அந்தச் சாக்குல கை வைக்காதடா, அது எலும்பு. வெறும் லேப்டாப் ஓடும் போர்டுந்தான். முழுசு இந்தப் பக்கம், செவுத்தோரமா. இத்தனை வருசமா வந்து ஏத்திட்டுப் போற, இன்னும் எது எங்க இருக்கும்னு தெரியல. டகாபா சனத்துப் புத்தி! நாய அவுத்து விட்டுட்டு கயித்தப் புடிச்சுக்கிட்டு நிப்பீங்கன்னு எங்க ஃப்ராஃப்ரா ஆளுங்க சொல்றது சும்மா இல்ல.

என்ன, சிரிப்பு வரலயா? சரி, உக்காரு. அந்தப் பழைய டிவி மேலயே உக்காரு, தாங்கும். லாரி எங்கயும் ஓடிராது. உன் டிரைவர் வாச்சே சோறு வாங்கப் போயிருக்கான், அந்தம்மா கடை வரிசை நகர்றதுக்குள்ள நாம டேமா துறைமுகத்துக்கு நடந்தே போயிட்டு வந்துரலாம்.

நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு தெங்கான். இன்னைக்கு என் தம்பியப் பாக்க வர்றியா, இல்லயா?

மழ வரும்ங்கற. வரட்டும். நீ என்ன உப்புலயா செஞ்சிருக்க? போன தடவை லாரில பிரேக்கு சரியில்லன்ன. அதுக்கு முன்னாடி கொழந்தைக்குக் காய்ச்சல்ன்ன. அயம்கா ஆஸ்பத்திரியில உன்னையத்தான் கேட்டுக்கிட்டே கெடந்தான். எங்க அக்கா ஊர்லேருந்து, போங்கோலேருந்து பஸ்ஸேறி நாள் முழுக்க குலுங்கிக்கிட்டு வந்தா. அவளப் பாத்து ஒரு வார்த்தை பேசல. டகாபா வந்தானான்னுதான் கேட்டான். அவளுக்கு அழுகையே வந்துருச்சு.

சாக்கப் பிரிச்சுப் பாக்கறியா? பாரு, நல்லாப் பாரு. உன் வேல அது. என் வேலயப் பத்தி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. மூடியத் தூக்குனா கீல் நிக்கணும், திரை ஒடஞ்சிருக்கக் கூடாது, அடியில ஸ்க்ரூ தலை தேயாம இருக்கணும், தேஞ்சிருந்தா எவனோ ஏற்கெனவே உள்ள கைய விட்டு உருவிட்டான்னு அர்த்தம். எல்லாம் இருந்தா முழுசு. டிஸ்க்கோ மெமரியோ போயிருந்தா குறை. மிச்சமெல்லாம் எலும்பு. ஓடுதா ஓடலயான்னு நாங்க பாக்கறதே இல்ல. உசுரு இருந்தா அது ரிப்பேர்க்காரன் கடையிலயே நின்னுரும்ல. இந்தக் கொட்டகைக்கு வர்றது எல்லாமே செத்தது. செத்ததுல எது நல்லபடியாச் செத்துச்சுன்னு பிரிக்கறதுதான் பொழப்பு.

இப்ப லேசாச் சிரிச்ச, பாத்தேன்.

அயம்கா இருந்தா இந்நேரம் உன்ன உக்கார விட்டிருப்பானா? லாரி ஹாரன் கேட்டதுமே ஆரம்பிச்சுருவான். வந்துட்டான்யா நம்ம அடிமை, சாக்குத் தூக்க வந்துட்டான், கயித்தக் கொண்டாங்க கட்டணும்னு கத்துவான். நீயும் லேசுப்பட்டவனா? அந்த கெங்கி விக்கிற, சோள உருண்டையும் மீனும் விக்கிற பொண்ணுகிட்டப் போயி, இவன் எங்க தாத்தா ஒரு கூடை வேர்க்கடலைக்கு வாங்கிப்போட்ட வம்சம், இவன் தின்னா என் கணக்குல எழுதுன்னு சொல்லிட்டுப் போயிட்ட. அவ இந்தக் கடக்கரை ஊர்க்காரி, நம்ம வடக்குச் சமாச்சாரம் அவளுக்கு எங்க தெரியும்? நம்பிட்டா. பாவம்னு ரெண்டு மீன் சேத்து வெச்சா. அந்த மீன அவன் ஒரு மாசம் தின்னான் தெரியுமா? அடிமையா இருக்கறதுல எவ்ளோ சொகம்ண்ணேன்னான்.

அதுக்குப் பழி வாங்கத்தான் முழுசுச் சாக்குல நாய் மண்டையோட்ட வெச்சு அனுப்புனான். உங்க கம்பெனியில வெள்ளச் சட்டை போட்ட அதிகாரி முன்னாடி அது உருண்டு விழுந்துச்சாமே. நீ இங்க வந்து, தலைய அனுப்பிட்டீங்க, மிச்சக் கறி எங்கடான்னு கேட்ட. நாய்க்கறின்னா நம்ம ரெண்டு சனமும் உசுர விடுமே. கொட்டகையே விழுந்து பெரண்டு சிரிச்சுச்சு. வேற ஒருத்தன்னா வேல போயிருக்கும்னு சண்டைக்கு வந்திருப்பான். நீ வரல. வர முடியாது. நம்ம ரெண்டு சனத்துக்கும் உள்ள கேலி முறைன்னா அப்படித்தான். நீ என் வீட்டுக் கோழியப் புடிச்சுக்கிட்டுப் போகலாம், நான் உன் அப்பன உன் முன்னாடியே முட்டாள்னு சொல்லலாம். கோவம் மட்டும் கூடாது. டகாபாவும் ஃப்ராஃப்ராவும் கோவிச்சுக்கிட்டா மழ பொய்க்கும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. உங்க பக்கமும் அதானே.

எங்க எந்திரிக்கற? உக்காருடா. எடை அப்புறம் போடலாம்.

இல்ல, அதப் பத்திப் பேசறதுக்கு உன்ன உக்கார வைக்கல. ஆனா பேசாமயும் இருக்க முடியல. நீ மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு சாக்கயே நோண்டுற, எனக்குத் தெரியாதா எதுக்குன்னு?

முன்னாடியெல்லாம் பேட்டரியக் கழட்டி அந்தா அந்த மணல் டிரம்முல போட்டு வெப்போம். உப்பிப்போனது, ஒழுகுனது, எல்லாம் அதுக்குள்ள. அதுபாட்டுக்குக் கெடக்கும். அப்புறம் நீ ஒரு நாள் வந்து, இனிமே பேட்டரி உள்ள இருந்தாத்தான் முழுசு, இல்லன்னா குறை வெலதான், கம்பெனியில சொல்லிட்டாங்கன்ன. ஏன்னு கேட்டோம். அதுக்குள்ள இருக்கறதுக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கான், தனியா அனுப்புனா கப்பல்ல ஏத்த விடமாட்டான், லேப்டாப்போட போனா போயிரும்ன்ன. சரின்னோம். வேற என்ன சொல்றது? மணலுக்குள்ள கைய விட்டுத் தோண்டி எடுத்தோம். எந்த மெஷினுக்கு எதுன்னு பாக்கல. உள்ள போனாச் சரி, மூடி மூடுனாச் சரி. நீயும் மூடியத் தொறந்து ஒண்ணு இருக்கான்னுதான் பாத்த, அது அதோடதுதானான்னு பாக்கல. பாத்திருந்தா ஒரு சாக்கு தேறாதுன்னு உனக்கும் தெரியும்.

உப்புனது மூடாது. அயம்கா முட்டியக் குடுத்து அமுக்குவான். நானும் அமுக்கியிருக்கேன், எல்லாரும் அமுக்குனோம். அன்னைக்கு மூடி மூடுச்சு, ஓரத்துல மட்டும் தூக்கிக்கிட்டு நின்னுச்சு, நீளமான ஸ்க்ரூ ஒண்ணு எடுத்து முடுக்குனான். அது நேரா பேட்டரிக்குள்ளயே எறங்கிருச்சு. பாம்பு சீறுற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அதத் தூக்கிப் போட்டுட்டு ஓடி வந்திருக்கலாம். சட்டையில பத்திக்கிட்டிருக்கு, இவன் பக்கத்துல இருந்த முழுசுச் சாக்க வெளிய இழுக்கறான். பிரிச்சு வெச்ச சாக்குடா, கஷ்டப்பட்டுப் பிரிச்சதுன்னு! சாக்குக்குள்ளயும் அதே பேட்டரிதான இருக்கு. ஒண்ணு பத்துனா விடுமா?

நீ ஏன் தலையக் குனியற?

உன்ன நான் குத்தம் சொல்லலடா. உங்க கம்பெனில சொன்னத நீ வந்து சொன்ன. அவங்களுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் எவனோ சொன்னான். அவனுக்கு இன்னும் எவனோ. அந்தக் கடைசி ஆளப் புடிச்சு நாலு வார்த்த கேக்கணும்னு எனக்கும் ஆசைதான், அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னே தெரியல. தெரிஞ்ச மூஞ்சி உன்னோடது ஒண்ணுதான். அது டகாபா மூஞ்சியாப் போச்சு. என் தலையெழுத்து.

ஆஸ்பத்திரியில ரெண்டு கையும் கட்டு. கழுத்து, நெஞ்சு, எல்லாம் கட்டு. மொகத்துல பாதிதான் வெளிய. டாக்டர் வந்து பொரட்டிப் பாத்துட்டு நர்ஸுகிட்ட மெல்லப் பேசிட்டுப் போனாரு. இவன் என்னக் கூப்புட்டு, அண்ணே, என்ன எந்தச் சாக்குல போட்டாங்கன்னான். குறைதாண்டா, கவலப்படாதன்னேன். எலும்பு இல்லல்லன்னான். இல்லடான்னேன். டகாபா வந்து பாத்தா எலும்புன்னு தள்ளிருவான், அவன்கிட்ட பேட்டரி உள்ள இருக்குன்னு சொல்லுண்ணேன்னான். சொல்லிட்டு சிரிச்சான். சிரிச்சா தோல் இழுக்கும்னு நர்ஸு வையறா. எனக்கு அந்த எடத்துலயே செத்துரலாம்போல இருந்துச்சு, தெங்கான். நெசமாச் சொல்றேன்.

நேத்து சாயங்காலமும் கேட்டான். வந்துருவான், வழியில நாயக் கண்டிருப்பான், நின்னுருப்பான்னு சொன்னேன்.

ஆமா. அந்தச் சாக்குலயும் இருக்கு. நீ கைய வெச்சிருக்கியே, அதுலதான். பாத்துத் தூக்கு, கீழ போட்டுராத. ரெண்டு மூணு உப்புனது இருக்கும், முட்டி வெச்சு அமுக்கல, பலகை வெச்சு மெல்ல அமுக்குனேன். என்ன அப்படிப் பாக்கற? பின்ன என்னடா பண்ணச் சொல்ற? அன்னைக்கு நெருப்பு அணைஞ்சதும் எல்லாரும் கூடி நின்னு இனிமே பேட்டரி வைக்கறதில்லன்னு பேசுனாங்க, சங்கத்துத் தலைவரும் வந்து ஆமான்னாரு. விடிஞ்சதும் பக்கத்துக் கொட்டகைக்காரன் வெச்சான். அவன் வெச்சான்னு அடுத்தவன் வெச்சான். நான் மட்டும் குறைன்னு எழுதி ஒக்காந்திருந்தா என் சாக்க யார் தொடுவா? நீ தொடுவியா?

பாத்தியா, நீயே தலைய ஆட்டுற.

அது ஒண்ணும் மாறாது. நான் இங்க ஒக்காந்து அமுக்கிக்கிட்டே இருப்பேன், நீ வந்து மூடியத் தொறந்து பாத்துக்கிட்டே இருப்ப. ஒரு நாளைக்கு எனக்கு. இல்ல உன் லாரியில, டேமா ரோட்டுல, வெயில்ல. போ, போ, இதையே பேசிக்கிட்டு.

ஹாரன் அடிக்கறான் பாரு. வாச்சே கெடச்சிருச்சுபோல. அடிக்கட்டும். சாக்க அவனே ஏத்திக்குவான், பலகையோட ஏத்தச் சொல்லு. நீ என்கூட வா. கைய அந்த வாளித் தண்ணியில கழுவிக்க.

மூணாவது மாடியா? இல்லடா, அங்க ஏற வேண்டாம். இப்ப கீழதான். பின்பக்கமா ஒரு வழி இருக்கு, ஜெனரேட்டர் ரூமத் தாண்டி. காலையில மாத்திட்டாங்க. அக்கா அங்க வாசல்ல தரையில ஒக்காந்திருக்கா. உள்ள விடமாட்டேங்கறாங்க, குளிரு வெளிய போயிராம கதவு மூடி வெச்சிருக்காங்க.

ஒக்காரு. ஒக்காரு, விழுந்துராத.

மொதல்லயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? மன்னிச்சுக்கன்னு சொல்லியிருப்ப. இந்தா, இப்பவே வாய் கோணுது, சொல்லப்போற. சொல்லாத. ஃப்ராஃப்ரா சாவுக்கு டகாபாக்காரன் வருத்தம் சொன்னான்னு எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா? எங்கப்பா செத்தப்ப உங்க டகாபா வாத்தியார் ஒருத்தரு வந்தாரு. குழிக்குப் பக்கத்துல பாயில படுத்துக்கிட்டு, இந்தச் சோம்பேறி பாதி வேலையில தூங்கிட்டான், எழுப்புங்க, நாய் யாரு மேய்க்கறதுன்னு கத்துனாரு. கோழியும் பீட்டோக் கள்ளும் குடுக்கற வரைக்கும் பொதைக்க விடல. மண்ணுல பெரண்டு அழுதுக்கிட்டிருந்த எங்கம்மா சிரிச்சுட்டா. அதுக்கப்புறந்தான் தூக்குனாங்க.

இந்த ஊர்ல எங்களுக்கு நீ ஒருத்தன்தான் டகாபா. அந்தக் குளிர்க் கதவத் தட்டி, டேய் அயம்கா, சாக்கு அப்படியே கெடக்கு, எந்திரிடா நாயேன்னு நாலு வார்த்தை திட்டு. அக்கா காதுல விழற மாதிரி திட்டு. அழுதாலும் பரவால்ல, திட்டிக்கிட்டே அழு.

வா, தெங்கான். வந்துரு. நீ வந்து திட்டலன்னா எனக்கு உன் மேல கோவம் வந்துரும்டா.