ஸாவாவின் பேரில் ஊற்றிய மது

ஈஸ்டர் முட்டையில் சிவப்பு நன்றாகப் பிடிக்க வேண்டுமென்றால், வெங்காயத் தோல் வேகும் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட வேண்டும், ஐயா. இந்த வருடம் எனக்கு அழகாகப் பிடித்திருந்தது.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம், இறந்தவர்களின் ஈஸ்டர் அன்று காலை அந்த முட்டைகளையும், பாலாடைக்கட்டி வைத்த அப்பங்களையும், ஒரு ஜாடி நிறைய வீட்டு மதுவையும் எடுத்துக்கொண்டு குன்றின்மேல் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். என் மகன் ஸாவா அங்கேதான் இருக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றினேன். வருகிறவர்களுக்கு ஒரு அப்பம், ஒரு கோப்பை மது. வாங்கிக் குடிப்பவர் தனக்காகக் குடிப்பதில்லை, இறந்தவருக்காகக் குடிக்கிறார். அதனால் யாரும் மறுப்பதில்லை. குடித்த கணக்கில் அதைச் சேர்ப்பதுமில்லை.

ஸாவா மீது வண்டியை ஏற்றியவன் நிக்கிஃபோர். எங்கள் ஊர் மினி பஸ்ஸை ஓட்டுகிறவன். ஒரு கல்யாணத்திலிருந்து திரும்பும்போது நடந்தது. இரத்தப் பரிசோதனைக்குத் தாமதமாகிவிட்டது. நீதிமன்றத்தில் அவன், "அந்த மேசையில இருந்தவங்கள்லயே தெளிவா இருந்தது நான்தாங்க" என்றான். சாட்சிகளும் ஆமாம் என்றார்கள். விட்டுவிட்டார்கள்.

அவன் பொய் சொல்லவில்லை, ஐயா. என்னைப் பயமுறுத்தியது அதுதான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொன்னதை முழுமனதோடு நம்பினான். அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. குடிக்கிறவன் தன் போதையைத் தன் கோப்பையில் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பவன் முகத்தில் பார்க்கிறான்.

இந்த ஈஸ்டரில் அவனாகவே ஸாவாவிடம் வந்தான். தொப்பியைக் கழற்றி, "கிறிஸ்து உயிர்த்தார், அக்கா" என்றான். "மெய்யாகவே உயிர்த்தார்" என்றேன். வேறென்ன சொல்ல முடியும். காற்றில் மெழுகுவர்த்தி அணைந்திருந்தது. அவன் மண்டியிட்டு, அதை மறுபடி ஏற்றி, தொப்பியால் மறைத்து, அது நின்று எரியும்வரை அசையாமல் இருந்தான். அந்த ஒரு நிமிடம் நான் ஜாடியைத் தொடவில்லை. அப்படியே அவனை அனுப்பியிருக்கலாம்.

நான் கோப்பையை நீட்டினேன்.

"எனக்கு வேண்டாங்கக்கா. அந்தச் சம்பவத்துக்கப்புறம் நான் தொடுறதேயில்ல. கீழூர்ப் பொம்பளைங்கள வேற இறக்கி விடணும்."

"இது உனக்கில்ல தம்பி. ஸாவாவுக்கு."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சில துளிகளை மண்ணில் விட்டுவிட்டுக் குடித்தான்.

மதுவில் நான் எதையும் கலக்கவில்லை. அதை உங்கள் ஆட்கள் சோதித்திருப்பார்கள். நான் செய்தது, அவனை உட்காரவைத்ததுதான். பாதிரியார் பக்கத்தில் உட்காரவைத்திருந்தால் இரண்டாவது கோப்பையிலேயே தன் நாக்கு குழறுவது அவனுக்குத் தெரிந்திருக்கும். நான் தோதேரையும் இரிமியாவையும் கூப்பிட்டு அவனுக்கு இரண்டு பக்கமும் இடம் கொடுத்தேன். விடிந்ததிலிருந்து கல்லறை கல்லறையாகக் குடித்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள்.

"டேய் நிக்கிஃபோர், மூஞ்சிய ஏன்டா நோன்பு நாள் சூப் மாதிரி வச்சிருக்க?" என்றார் தோதேர். "குடிடா. ஸாவா பாத்துக்கிட்டிருக்கான்."

"மாமா, நீங்க குடிக்கிறது செத்தவங்களுக்கா, இனி சாகப் போறவங்களுக்கும் சேத்தா?" என்று கேட்டான் நிக்கிஃபோர்.

"எனக்கும் சேத்துத்தான்டா. நான் போனா எனக்கு எவன் ஊத்துவான்?"

இரிமியா அடுத்த கல்லறைக்காரருக்கு வணக்கம் சொல்லி, பதில் வரவில்லை என்று கோபித்துக்கொண்டான். நிக்கிஃபோர் சிரித்தான். "பாருங்கக்கா இவங்கள. இவங்களுக்கு முன்னாடி நான் ஞானஸ்நானத் தண்ணி மாதிரித் தெளிவு."

"ஆமா தம்பி" என்று சொல்லி மறுபடி ஊற்றினேன். ஒவ்வொரு முறையும் ஸாவாவின் பெயரைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும், இப்போது மறுத்துவிடுவானோ என்று பயந்தேன். மறுக்காமல் வாங்கியபோது இன்னும் பயந்தேன். அவன் தன்னைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் எண்ணம். வேறு கெட்ட எண்ணம் எனக்கு இல்லை. நான் நோன்பு முழுவதையும் ஒழுங்காகப் பிடித்தவள்.

மத்தியானம் தோதேர் புல்லில் படுத்துத் தூங்கிவிட்டார். இரிமியா அழுதுகொண்டிருந்தான். நிக்கிஃபோர் எழுந்து, சாவியை எடுத்துக்கொண்டு, சட்டையைத் தட்டிவிட்டு நடந்தான். நேராக நடப்பதாகத்தான் அவனுக்குத் தோன்றியிருக்கும். வழியில் இருந்த பூந்தொட்டியை அவன் பார்க்கவில்லை.

பாலத்தில் பஸ்ஸுக்கு என்ன நடந்தது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சத்தம் குன்றுவரை கேட்டது. நிக்கிஃபோர் கை முறிந்து பிழைத்துக்கொண்டான். முன்பு சொன்னதையே இப்போதும் சொல்கிறானாமே, உண்மையா? எனக்குத் தூக்கம் இல்லை. தெருவில் வண்டி போனால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறேன்.

தெக்லாவைப் பற்றிக் கேட்டீர்கள். தோதேரின் மனைவி. ஸாவா போன பிறகு தினமும் ஒரு கிண்ணம் சூப்போடு வந்து, ஒன்றும் பேசாமல் என் அடுப்பைச் சுத்தம் செய்துவிட்டுப் போவாள். அன்று பஸ்ஸில் ஏற அவள்தான் கடைசியாக வந்தாள். அவள் வருவாள் என்று நான் யோசித்திருக்கவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"நடந்தே போலாமாடி? காத்து நல்லா இருக்கு."

"இந்த முட்டிய வச்சுக்கிட்டா? போடி."

படியில் ஒரு கால் வைத்தவள் நின்றாள். புல்லில் கிடந்த கணவரைப் பார்த்தாள், பிறகு உள்ளே நிக்கிஃபோரைப் பார்த்தாள். என் காதருகே குனிந்தாள். "ஏன்டி, அவன் சரியாத்தானே இருக்கான்? நீதானே கூடவே இருந்து ஊத்துன."

பஸ்ஸுக்குள் எல்லோரும் மடியில் அப்பங்களோடு காத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் எல்லோரும் இறங்கியிருப்பார்கள். அவனும் இறங்கியிருப்பான்.

"அங்க இருந்தவங்கள்லயே அவன்தான் தெளிவா இருக்கான்" என்றேன்.

அவள் என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு ஏறினாள். கதவை நானே சாத்தினேன்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, ஐயா. அதை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.