ஓலீட்டா ஹென்ஸ்லி பாடிய ஒரு பொய்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் ஹார்லி நேப்பியர் அவர்களே! ஜெபித்துத் தொடங்கிவைத்த போதகர் எஸ்டில் அவர்களே! தாய் ஓலீட்டாவைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகள் லோரீன் அவர்களே! ஷிஃப்ட் முடிந்து, முகத்துக் கரியைக்கூடக் கழுவாமல் பின்சுவரோடு நிற்கும் சுரங்கத் தோழர்களே! பீன்ஸ் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டுக் கதவோரம் வந்து நிற்கும் சகோதரிகளே! உங்கள் அனைவரையும் கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். டெல்மர் கிரிக்மோர். ஓலீட்டா பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டீல் கிட்டார் வாசித்தவன். பேசிப் பழக்கமில்லாதவன். பேசத்தான் வேண்டும் என்று லோரீன் சொல்லிவிட்டார். ஆனால் உள்ளே நுழையும்போதே வாசலில் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஓலீட்டாவின் அண்ணன் ஆர்லிஸின் மனைவி கோரா. அதோ, ஜன்னலோரம் அமர்ந்திருக்கிறார். என்ன சொன்னார் தெரியுமா?

"டெல்மர், மேடை கிடைச்சுதுன்னு அவளைப் புனிதவதி ஆக்கிடாதே. நடந்ததைச் சொல்லு. சொல்ல முடியலேன்னா பேசாம கிட்டாரை வாசிச்சுட்டு இறங்கு."

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

சுரங்கத்தின் மூன்றாம் வாசலில் கூரை சரிந்து ஆர்லிஸும் கூட்டாளிகளும் மடிந்ததை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் ஓலீட்டா ஒரு பாட்டு எழுதினார். "கூரை விரிசல் விட்டதடி, முதலாளிக்குத் தெரியும்" என்று ஒவ்வொரு அடியும் முடியும். எழுதிய பாட்டை எடுத்துக்கொண்டு நாங்கள் இசைத்தட்டில் பதிக்க நாஷ்வில் நகரத்துக்குப் போனோம். அது அவருடைய இரண்டாவது இசைத்தட்டு. முதல் தட்டு விற்கவில்லை. இதுவும் விற்காவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். அப்படிப்பட்ட நிலைமை!

ஒலிப்பதிவுக் கூடத்தில் மற்றப் பாட்டுகள் எல்லாம் ஒழுங்காக ஏறின. இந்தப் பாட்டு வந்ததும் தயாரிப்பாளர் லைல் பிராண்டன் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்தார்.

"பாட்டு பிரமாதம்மா. அந்த ஒரு வார்த்தைதான் இடிக்குது. முதலாளியை எடுத்துட்டுக் கடவுளைப் போட்டுடு. 'கடவுளுக்கே தெரியும்.' தாளம்கூட மாறாது."

"தாளம் மாறாது சார். எங்க அண்ணன் செத்த விதமில்ல மாறுது?"

"இங்க பாரு. அந்த வார்த்தை இருந்தா இது தட்டுல ஏறாது. மேலிடத்துல சொல்லிட்டாங்க. ஏறலேன்னா, உங்க அண்ணன்னு ஒருத்தன் இருந்தான்கிறதே உங்க மலையைத் தாண்டி எவனுக்கும் தெரியாது. நீயே முடிவு பண்ணிக்கோ."

பிராண்டன் கெட்டவர் அல்ல. அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. அதுதான் விஷம்! ஓலீட்டா வெளிப்படிக்கட்டில் போய்த் தனியாக உட்கார்ந்தார். திரும்பி வந்து எங்களிடம் சொன்னார்: "பாடிடறேன். எல்லாரும் அவங்கவங்க வாத்தியத்தையே பாத்துட்டு இருங்க. என் மூஞ்சியை யாரும் பாக்காதீங்க."

பாடினார். தோழர்களே, அவர் அதற்கு முன்பும் அப்படிப் பாடியதில்லை, பின்பும் பாடியதில்லை. பொய்யை இவ்வளவு உருக்கமாகப் பாட முடியுமா?

தட்டு வெளிவந்தது. வானொலியைத் திருப்பினால் ஓலீட்டா! லாரி நிற்கும் சாப்பாட்டுக் கடைகளில் ஓலீட்டா! ஊர் ஊராகக் கச்சேரி! ஆனால் அதே நேரம் இங்கே என்ன நடந்தது? விதவைகள் தொடுத்த வழக்கு விசாரணைக்கு வந்தது. சுரங்கக் கம்பெனியின் வக்கீல் எழுந்து நின்று அந்தத் தட்டின் உறையை உயர்த்திக் காட்டினார். "இறந்தவனின் சொந்தத் தங்கையே கடவுளுக்குத்தான் தெரியும் என்று பாடுகிறாள். எங்கள் கட்சிக்காரருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?" என்று கேட்டார். வழக்கு தள்ளுபடி ஆனது.

செய்தி வந்ததும் ஓலீட்டா மிச்சக் கச்சேரிகளை ரத்து செய்தார். நான்தான் கோரா வீட்டுக்குக் காரை ஓட்டினேன். கோரா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணி..."

"அண்ணின்னு கூப்பிடாதே. உன் பாட்டைக் கோர்ட்டுல படிச்சுக் காட்டினான்டி அந்த வக்கீல். கடவுளுக்கே தெரியுமாம்! கடவுளா வந்து கூரையைத் தாங்குற முட்டு மரத்தை மிச்சம் பிடிச்சாரு?"

"மேல்கோர்ட்டுக்குப் போங்க அண்ணி. நான் வந்து சொல்றேன்."

"நீ சொன்னா ஆர்லிஸ் எந்திரிச்சு வந்துருவாரா?"

"வரமாட்டாரு. ஆனாலும் சொல்றேன்."

சொன்னார்! இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் போன் மேல் போன் போட்டு மிரட்டியும் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னார்: "வரியை மாத்திப் பாடினது நான்தாங்க. யாரும் என் கழுத்துல கத்தி வைக்கலே. கூரை விரிசல் விடுதுன்னு மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டேன், மேல ஆபீஸ்லயும் சொல்லியாச்சுன்னு ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல எங்க அண்ணன் சொன்னாரு. என் காதால கேட்டேன்."

"அப்படியென்றால் பாட்டில் பொய் சொன்னீர்களா, இப்போது பொய் சொல்கிறீர்களா?" என்று மடக்கினார் சுரங்கக் கம்பெனி வக்கீல்.

"பாட்டுலதாங்க."

இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் உண்டு? சம்பாதித்த பெயர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அதைத் தன் வாயாலேயே உடைத்துப் போட எத்தனை பேரால் முடியும்?

மேல்கோர்ட்டில் ஜெயித்தோம் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஜெயிக்கவில்லை. ஒருமுறை பேச்சை மாற்றியவரின் சாட்சியை எப்படி நம்புவது என்று கேட்டுவிட்டார்கள். இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தத்தைக் கிழித்தது. வானொலி அவரை மறந்தது. ஓலீட்டா ஊரிலேயே தங்கிப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார். வேலைநிறுத்தம் நடந்த இடமெல்லாம் போய், மழையில் நின்று, முதலாளிக்குத் தெரியும் என்று பாடினார். தொண்டை கட்டும்வரை பாடினார். அது அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டதா? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை. "டெல்மர், நான் படியிலயே உக்காந்திருக்கணும்யா, உள்ள வந்திருக்கக் கூடாது" என்று படுக்கையில் கிடந்தபோது என்னிடம் சொன்னார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தது யார்? கோரா. ஒருநாள் கேட்டேவிட்டேன், மன்னித்துவிட்டீர்களா என்று. "மன்னிக்கலே. ஆனா தலை சிக்குப் பிடிச்சுக் கிடக்கிறா. அதை யாரு சீவுறது?" என்றார். இதற்கு மேல் நான் என்ன விளக்கம் சொல்ல?

தோழர்களே, இப்போது கேளுங்கள். ஓலீட்டாவின் உடலை அடக்கம் செய்த மறுநாளே இசைத்தட்டுக் கம்பெனி லோரீனைக் கூப்பிட்டிருக்கிறது. அந்த இரண்டாவது தட்டை, உறையில் கறுப்புக் கரை போட்டு, மறுபடி வெளியிடப் போகிறார்களாம். லோரீன் வேண்டாம் என்றார். "உங்க சம்மதம் தேவையில்லம்மா, தகவலுக்குத்தான் சொன்னோம்" என்று பதில் வந்தது. சட்டம் அவர்கள் பக்கம். தடுக்க நம்மால் முடியாது. அந்தப் பொய் அதே அழகோடு மறுபடி வீடு வீடாகப் போகப் போகிறது. அவர் கல்லறைக்குள் போன பிறகும் அவர் குரலாலேயே!

அழுதுவிட்டுக் கலைந்து போவோமா? மாட்டோம்! தலைவர் ஹார்லியிடம் பேசிவிட்டேன். பியானோவுக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவி தயாராக இருக்கிறது. எங்கள் குழு அந்தத் தட்டின் அத்தனை பாட்டுகளையும் இன்று இங்கே வாசிக்கும். லோரீன், முதலாளிக்குத் தெரியும் என்று எழுதியபடியே பாடுவார், நீங்கள் கூடப் பாடுவீர்கள். நாங்களே தட்டு அச்சடிப்போம். சங்கக் கிளை உள்ள ஊருக்கெல்லாம் நாங்களே சுமந்துகொண்டு போவோம். அவர்கள் தட்டு போகும் இடமெல்லாம் இதுவும் பின்னாலேயே போகும். உயிர் உள்ளவரை ஓயமாட்டோம் என்று உங்கள் முன்னால் உறுதி கூறுகிறேன்!

முதலில் மூன்றாம் வாசல் பாட்டு. லோரீன், வாருங்கள் அம்மா... அழாதீர்கள். மெதுவாக. முடியவில்லையா? பரவாயில்லை, காத்திருக்கலாம்.

கோரா? நீங்களா? எழுந்து வருகிறீர்களா?

வழி விடுங்கள். நடுவில் இருப்பவர்கள் கொஞ்சம் ஒதுங்கி அவருக்கு வழி விடுங்கள். யாராவது ஒரு நாற்காலி கொண்டுவந்து மைக்குக்கு முன்னால் போடுங்கள்... வேண்டாமாம். நின்றே பாடுகிறாராம்.