மாட்டிக்கொண்ட தாழ்ப்பாள்

மகன்: கதவைக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிச்சு இழுங்கப்பா.

அப்பா: இழுத்துட்டேன்டா. தாழ்ப்பாள் அசைய மாட்டேங்குது.

மகன்: எண்ணெய் விட்டீங்களா?

அப்பா: பாத்ரூம்ல எண்ணெய்க்கு எங்கடா போவேன்? தலையில தடவினதை வழிச்சு விடவா?

மருமகள்: கதவுக்கு அடியில சின்னக் கிண்ணத்துல தள்ளி விடறேன் மாமா…

அப்பா: ஐயோ வேண்டாம்மா. வழுக்கி விழுந்து வைப்பேன்.

மகன்: சரி, கேளுங்க. பிளான் போட்டுட்டேன். மேல இருக்கற ஜன்னல் கண்ணாடியைக் கழட்டறோம். அதுவழியா ஒரு கயிறு. கயித்து நுனியில வளைஞ்ச கம்பி. அதை உள்ள இறக்கி…

மருமகள்: மீன் பிடிக்கப் போறீங்களா?

மகன்: நீ சும்மா இரு! அது சரிவரலைன்னா டிரில் மெஷின். அதுவும் இல்லைன்னா, பக்கத்துச் சுவத்துல…

அப்பா: டேய், டேய்! ஒரு கதவுக்காக வீட்டையே இடிச்சிடாத. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.

மகன்: உங்களுக்கு இல்லப்பா, இருக்கறது ஒரே பாத்ரூம், இங்க…

மருமகள்: ஷ்ஷ்!

அப்பா: ஏன், வேற யாருக்கு அவசரம்?

மருமகள்: யாருக்கும் இல்ல மாமா. ஏங்க, நீங்க போய்த் தச்சரைக் கூட்டிட்டு வாங்க.

மகன்: ஏணி?

மருமகள்: ஏணியும் கொண்டு வாங்க. கிளம்புங்க முதல்ல… மாமா, அவர் போயாச்சு.

அப்பா: படி இறங்கிட்டானா?

மருமகள்: இறங்கிட்டார். இப்ப சொல்லுங்க. தாழ்ப்பாள் நிஜமாவே மாட்டிக்கிச்சா?

அப்பா: குழாய் சத்தத்துல கேக்கலம்மா.

மருமகள்: குழாயை இப்பதானே திறந்தீங்க.

அப்பா: நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்.

மருமகள்: என்ன மாமா ஆச்சு?

அப்பா: சாயங்காலம் அக்கா வர்றா இல்ல…

மருமகள்: உங்க அக்காவை வரச் சொல்லுன்னு நீங்கதானே சொன்னீங்க?

அப்பா: உன்னைத்தானே பேசச் சொன்னேன்! நாங்க பேசிக்கறதுதான் உங்க கல்யாணத்தோட நின்னு போச்சே.

மருமகள்: முன்வரிசையில உக்கார வைக்கலைன்னு…

அப்பா: வைக்காம இல்லம்மா! அவ நாற்காலியில எவனோ உக்காந்துட்டான். அவனை எழுப்பி விட்டிருக்கணும்கிறா அவ. நீயே எழுப்பியிருக்கலாமேங்கிறேன் நான்.

மருமகள்: அவ்ளோதானா!

அப்பா: அவ்ளோதான். ஆனா எப்படி ஆரம்பிக்கறது? மன்னிச்சுக்கோன்னா, தப்பு மொத்தமும் என் தலையில. பழசை மறந்துடலாம்னா, பெரிய மனுஷன் வந்துட்டான்னு சொல்வா. சிரிச்சா, இவனுக்குச் சிரிப்பு வேறயான்னு கேப்பா. கண்ணாடி முன்னாடி பேசிப் பாத்தேன். அழுகைதான் வருது. சின்ன வயசுல அம்மா வேலைக்குப் போயிடுவாங்க. அவதான் என்னை இடுப்புல வச்சுக்கிட்டே திரிஞ்சா.

மருமகள்: மாமா… அப்பல்லாம் அவங்க ஸ்கூல் விட்டு வந்ததும், நீங்க முதல்ல என்ன சொல்வீங்க?

அப்பா: என்ன சொல்வேன்… ‘அக்கா, பசிக்குது’ம்பேன்.

மருமகள்: அதையே சொல்லுங்களேன்.

அப்பா: இந்த வயசுலயா? விளையாடறியா?

மருமகள்: மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி உள்ள போனவர் நீங்க. பொய்யும் இல்லையே.

அப்பா: ‘அக்கா, பசிக்குது…’ இவ்ளோ போதுமா?

மருமகள்: கதவுக்குக் கிட்ட வந்து ஒருதரம் சத்தமா சொல்லிப் பாருங்க. எப்படி வருதுன்னு பாப்போம்.

அப்பா: அக்கா… பசிக்குது!

அக்கா: சோறு போடறேன்டா தம்பி, முதல்ல வெளிய வா! ஒரு பஸ் முன்னாடியே வந்து, இந்தக் கதவு வாசல்லதான் கால் மாத்திக் கால் மாத்தி நின்னுக்கிட்டிருக்கேன்!